கால் மணி நேரத் தூரத்தில் கஸப்

நவம்பர் மாதக் கடைசி வெள்ளியன்று மனைவியைப் பார்க்கப் போனேன். மறுநாள் அவள் பிரசவத்துக்கு ஊருக்குக் கிளம்புகிறாள். ஏழாம் மாதம். ஓமானின் வடகோடியில் கஸப் என்ற சிற்றூரில் அவள் நர்ஸ். நான் எல்லைக்கு இந்தப் பக்கம், அமீரகத்தின் ராஸ் அல் கைமாவில் டைல்ஸ் கம்பெனியில். இனி அவளைக் குழந்தையோடுதான் பார்க்க முடியும், அதுவும் என் அடுத்த வருட லீவில். வெள்ளி எனக்கு வார விடுமுறை. அதற்கு முன்னும் பின்னும் ஒவ்வொரு நாள் கேட்டிருந்தேன்.

எங்கள் கம்பெனியில் லீவு தீர்ந்தவனுக்கும் பயண நாட்கள் என்று தனியாகத் தருவார்கள். விமானத்தில் எவ்வளவு நேரம் என்பதுதான் அதற்கு அளவு. லீவு பார்க்கும் கோயம்புத்தூர்க்காரர், இரண்டு விமான நிலையங்களின் பெயரைத் தட்டினால் தூரமும் நேரமும் சொல்லும் ஓர் இணையதளத்தை வேதமாக நம்பினார்.

“ஏனுங்க, எழுபது கிலோமீட்டர்கூட இல்லீங்க. கால் மணி நேரம்னு போட்டிருக்குது. இதுக்கு எதுக்கு ரெண்டு நாளு?”

“சார், அந்த ரெண்டு ஊருக்கும் நடுவுல ஃப்ளைட்டே கெடையாது.”

“இல்லாமயா நேரம் போட்டிருக்கான்?”

உலகத்தில் எந்த இரண்டு ஓடுபாதைக்கும் நடுவே அது கோடு கிழித்துவிடும் என்றேன். விமானத்தில்தான் போக வேண்டுமென்றால் துபாய் போய், தெற்கே மஸ்கட்டுக்குப் பறந்து, அங்கிருந்து மறுபடி வடக்கே ஏற வேண்டும், ஒரு பகல் முழுக்க ஓடிவிடும் என்றேன்.

“அப்ப ரோட்டுல போங்க. பக்கந்தானுங்களே. கலாஸ்.”

கேட்ட இரண்டு நாளும் கிடைக்கவில்லை. ஓமான் விசா கையில் இருந்தது. ராமநாதபுரத்து நண்பன் விடியற்காலையில் காரை எடுத்தான். எல்லைச் சாவடிக்கு வெகு முன்பே கார்கள் தேங்கி நின்றன. குளிர்கால வெள்ளி, குடும்பம் குடும்பமாகப் படகுச் சவாரிக்குப் போகிறவர்கள். எங்கள் முன்னால் நின்ற காரின் கூரையில் அடுப்புக்கரி மூட்டை.

“மாப்ள, உன் சைட்டுல இந்தக் கியூவுக்கு எவ்வளவு நேரம் போட்டிருக்கான்னு பாரு,” என்றான் நண்பன். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

கஸப் போய்ச் சேர்ந்தபோது மதியம் தாண்டியிருந்தது. காலையிலேயே பொரித்து வைத்த மீன் ஆறிப்போயிருந்தது. மறுநாள் காலை எனக்கு டியூட்டி. திரும்பும் வழியிலும் அதே கூட்டம் இருக்கும். தட்டில் கை வைத்தபடியே மணி பார்த்தேன்.

“ஏங்க, என்னப் பாக்க வந்தீயளா, இல்ல கடியாரத்தப் பாக்க வந்தீயளா?”

அவளே என் கையைப் பிடித்து வயிற்றில் வைத்தாள். ராத்திரி முழுக்க உதைத்துத் தூங்கவே விடவில்லையாம். காத்திருந்தேன். அசைவே இல்லை. “இந்நேரம் தூங்கும். கொஞ்சம் பொறுங்க,” என்றாள். வெளியே நண்பன் ஹார்ன் அடித்தான். இன்னும் கொஞ்சம் பொறுத்தோம். அவன் மறுபடி அடித்தான்.

திரும்பும்போது சாவடி வரிசையில் நிற்கையில் போன் வந்தது.

“இப்ப உதைக்குது பாருங்க.”

எங்கள் பின்னால் இருந்த காரிலிருந்து யாரோ “யல்லா, யல்லா” என்று கத்தினார்கள். ஒரு கார் நீளத்துக்கு நகர்ந்தோம்.

“எந்தப் பக்கம்?” என்று கேட்டேன்.