மணமாகாதவன் என்று சொன்னேன்

இலங்கை மலைநாட்டில், வட்டவளைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டப் பள்ளிக்கூடத்தில் நான் வாத்தியாராக இருந்தேன். என் மனைவி அக்கரையில், இந்தியாவில், முசிறிக்குப் பக்கத்துக் கிராமத்தில் இருந்தாள். தாய்மாமன் மகள். அங்கே குலதெய்வக் கோயிலில் வைத்துத் தாலி கட்டினேன். எங்கள் ஆட்களில் அப்போது கல்யாணத்தைப் பதிவு செய்கிறவர்கள் குறைவு. அவளை அழைத்து வருவதற்குள் விசா, பர்மிட் என்று சட்டம் வந்துவிட்டது. அதனால் விடுமுறைதோறும் நானே தலைமன்னாரில் கப்பல் ஏறினேன்.

துறையில் இருந்த குடிவரவு அதிகாரிக்கு என் முகம் பழகிப்போனது. "மாஸ்டர், அங்க அப்படி என்னத்த வச்சிருக்கீங்க?" என்று சிரிப்பார். நானும் சிரித்துவிட்டு நகர்ந்துவிடுவேன். என் பிரஜாவுரிமை மனு விசாரணைக்கு வரவிருந்தது. நான் இங்கேயே நிலையாக வாழ்கிறவன் என்று காட்ட வேண்டும். மனைவியும் இங்கேயே வாழ வேண்டும் என்றது சட்டம். மனு தள்ளுபடியானால் நாடற்றவன்.

ஹட்டனில் மனு எழுதிக் கொடுத்தவர் வழி சொன்னார்.

"பொண்டாட்டி அக்கரையில இருக்கான்னு வாயத் தொறந்தீங்கன்னா மனு அம்போதாங்க வாத்தியாரே. பதியாத கல்யாணந்தானே? யாருக்குத் தெரியப் போவுது?"

விசாரணையில் மணமாகாதவன் என்றேன். ஏன் அடிக்கடி போகிறாய் என்று கேட்டார்கள். தாய்மாமன் படுத்த படுக்கை என்றேன். மாமா அப்போது ஏர் பூட்டி உழுதுகொண்டிருந்தார்.

பிரஜாவுரிமை கிடைத்தது. அதன் பிறகுதான் புரிந்தது: அவளை அழைக்க வேண்டுமானால் மனைவி என்று எழுதித் தரவேண்டும். எழுதினால் என் பொய் வெளிப்பட்டு, கிடைத்த பிரஜாவுரிமையும் பறிபோகும்.

ஒவ்வொரு முறை போகும்போதும் அவள் பெட்டி கட்டித் தயாராக இருப்பாள். "பர்மிட் இன்னும் வரல" என்பேன். மாமா என் பக்கம் திரும்பாமலே சொல்வார்: "வளவிக்காரன்கூட அடிக்கடி வர்றான் மாப்ள. அவன் வந்தா புள்ளைக்கு வளவியாச்சும் மிஞ்சுது."

கடைசியாகப் போனபோது உண்மையைச் சொல்லிவிட்டேன். அவள் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தாள். மாடு குடித்து முடித்ததும் கேட்டாள்.

"அப்ப அங்க நான் யாருங்க?"

"காகிதத்துலதான் அப்படி..."

"எனக்கு ஏதுங்க காகிதம்? கழுத்துல கெடக்குறது மட்டுந்தான்." வாளியைக் கவிழ்த்து வைத்தாள். "இனிமே வராதீங்க. நீங்க வந்து வந்து போனா ஊரு என்னையத்தான் கேக்குது."

திரும்பும் வழியெல்லாம் அழுதேன் என்று எழுத ஆசையாக இருக்கிறது. ரயில் நகர்ந்ததும் எனக்கு முதலில் வந்தது நிம்மதி. இனித் தலைமன்னாரில் யாருக்கும் பதில் சொல்ல வேண்டாம். இத்தனை காலம் சட்டத்தின் மீதே பழியைப் போட்டுவந்தேன். சட்டம் கொடியதுதான். ஆனால் என்னை வராதே என்று தடுத்தது சட்டமல்ல. அவள் வாய்வார்த்தைக்கு ஒரு தடவை சொன்னாள், நான் அதைப் பிடித்துக்கொண்டேன். அடுத்த விடுமுறைக்குப் போகவில்லை. அதற்கடுத்ததற்கும் போகவில்லை.