நூற்றிருபத்தொன்பதாம் பக்கம்

பேய்க் கதை என்றால் எங்கள் அண்ணிக்குக் கொட்டாவிதான் வரும். நாங்கள் இருவரும் வேலை பார்க்கிற பைண்டிங் கூடத்துக்கு வருஷத்தில் நாலைந்து பேய்க் கதைத் தொகுப்பாவது வந்துவிடும். நான் தையல் மெஷினில் உட்கார்ந்து தைப்பேன். அண்ணி நீள மேசையைச் சுற்றி நடந்து ஃபாரம் சேர்ப்பார். ஃபாரம் என்பது பதினாறு பக்கம் அச்சடித்து மடித்த ஒரு தாள். ஒன்றிலிருந்து பன்னிரண்டு வரை வரிசையாக அடுக்கியிருப்போம். ஒவ்வொரு அடுக்கிலும் ஒன்று எடுத்துக்கொண்டே போனால் மேசை முடியும் இடத்தில் கையில் ஒரு புத்தகம் இருக்கும். அப்புறம் மறுபடி ஒன்றிலிருந்து. பதினெட்டு வருஷமாக அப்படித்தான் நடக்கிறார்.

"இதையெல்லாம் சேர்க்கறீங்களே, பயமா இல்லையா அண்ணி?" என்று ஒருநாள் கேலியாகக் கேட்டேன். அட்டையில் ஒருத்தி கண்ணை உருட்டிக்கொண்டு நின்றாள்.

"பேய் வந்தா வரட்டும். ஒரு பக்கம் பிடிச்சுக்கச் சொல்லுவேன். உங்க அண்ணனைத் திருப்ப ஒரு ஆள் குறையுது" என்றார்.

கூடமே சிரித்தது. நானும் சிரித்தேன். வெட்கங்கெட்டவள், நன்றாகவே சிரித்தேன்.

அவர் சொன்ன அந்த அண்ணன் என் கூடப்பிறந்த அண்ணன். நாலு வருஷத்துக்கு முன்னால் பக்கவாதம் வந்து படுத்தவர். இடது பக்கம் விழுந்துவிட்டது, பேச்சும் போய்விட்டது. அண்ணி விடியுமுன் எழுந்து, அவரைத் துடைத்து, துணி மாற்றி, ஊட்டிவிட்டு வேலைக்கு வருவார். வீடு இரண்டு தெரு தள்ளி. பத்து மணிக்கு ஒரு ஓட்டம், மதியம் ஒரு ஓட்டம், நாலு மணிக்குக் குறையாமல் இன்னொன்று. போய் அவரைத் திருப்பிப் படுக்கவைத்துவிட்டு மூச்சு வாங்க வந்து நிற்பார். இடையில் வீடு வெளியே பூட்டிக் கிடக்கும். ஆறு மணிக்கு மணி அடித்தால் செருப்பைப் பாதி மாட்டிக்கொண்டே கிளம்பிவிடுவார்.

நான் என்ன செய்தேன் என்று கேட்பீர்கள். ஞாயிற்றுக்கிழமை போவேன். நாலு பழம் வாங்கிக்கொண்டு போய் அறை வாசலில் நாற்காலி போட்டுக் கால் மணி நேரம் உட்காருவேன். "ஒரு ஷேவ் பண்ணிவிடக் கூடாதா அண்ணி? பாக்கவே சகிக்கல" என்று குறை சொல்லிவிட்டு வருவேன். என் வீட்டில் மாமியார் உண்டு, இரண்டு பிள்ளைகள் உண்டு, எனக்கு இடுப்பு வலியும் உண்டு. இந்த மூன்றையும் கேட்டவர்களுக்கும் கேட்காதவர்களுக்கும் சொல்லுவேன். வாய் வலிக்கப் பேசுகிறவளுக்குக் கை எங்கே வலிக்கப் போகிறது?

போன மழைக்காலத்தில் ஒரே வாரத்தில் இரண்டு வேலைகள் வந்து இறங்கின. ஒன்று பேய்க் கதைத் தொகுப்பு. இன்னொன்று ஓர் ஆஸ்பத்திரிக்காக அச்சடித்த கையேடு, படுத்த படுக்கையாக இருப்பவர்களை வீட்டில் எப்படிப் பார்த்துக்கொள்வது என்று. இரண்டும் ஒரே அளவு, ஒரே தாள். கையேட்டை அடுத்த மாதம் கொடுத்தால் போதும் என்பதால் அது கட்டுக் கட்டாக ஓரத்தில் கிடந்தது. அதன் ஒன்பதாவது ஃபாரத்தில் படுக்கைப் புண்ணைப் பற்றி இருந்ததை அண்ணி பார்த்துவிட்டார். அண்ணனுக்கு அப்போதுதான் முதுகில் தோல் சிவக்க ஆரம்பித்திருந்தது. அந்தக் கட்டைத் தன் மேசைப் பக்கம் இழுத்துப் பிரித்து, மேலே இருந்த ஒன்றை எடுத்துச் சாப்பாட்டு நேரத்தில் படித்தார். படித்தபடியே சுவரில் சாய்ந்து தூங்கியும் போனார். மணி அடித்ததும் திடுக்கிட்டு எழுந்தார். மேசையில் பேய்க் கதையின் ஒன்பதாவது அடுக்கு தீர்ந்திருந்தது. பக்கத்தில் இருந்த ஒன்பதாவது கட்டைத் தூக்கி அங்கே வைத்துவிட்டார்.

இரண்டிலும் முதல் பக்கம் நூற்றிருபத்தொன்பது. பக்க எண் ஒத்துப்போனது. ஃபாரங்களின் முதுகில் இருக்கும் கறுப்புக் கோடுகள் படிக்கட்டு மாதிரி வரிசையாக இறங்குகின்றனவா என்று பார்த்துத் தைப்பது என் வேலை. ஒழுங்காகத்தான் இறங்கின. தைத்துவிட்டேன். கடைசியில் பேய்க் கதையின் ஒன்பதாவது கட்டு ஒன்று மூலையில் மிஞ்சியது. அதிகமாக அச்சடித்திருப்பார்கள் என்று விட்டுவிட்டோம். இருநூறு புத்தகம் அப்படியே கடைக்குப் போனது.

ஒரு மாதம் கழித்துப் பதிப்பாளர் வந்தார். கையில் போன், பின்னால் ஆட்டோ நிறைய விற்காத புத்தகக் கட்டுகள். முதலாளி முன்னால் நின்று, வாசகர்கள் இணையத்தில் எழுதிய அபிப்பிராயங்களை உரக்கப் படிக்க ஆரம்பித்தார்.

"'நாய் ஊளையிட்டால் அடுத்த வரியில் என்ன வரும் என்று என் மாமியாருக்கே தெரியும்.' இது ஒருத்தர். 'முதல் ஆறு கதைகளும் நல்ல தூக்கம் தந்தன, நன்றி.' இது இன்னொருத்தர். 'பெட்டி நசுங்கி வந்தது, ஒரு நட்சத்திரம்.' சரி, இதெல்லாம் வழக்கமா வர்றதுதான். இப்ப கேளுங்க."

ஏழாவது கதையைப் பற்றித்தான் எல்லோரும் எழுதியிருந்தார்கள். கதையில் ஒரு பெண் மாடி அறையில் சத்தம் கேட்டுக் கதவைத் திறக்கிறாள். பக்கத்தைப் புரட்டினால், 'படுத்திருப்பவரை இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை திருப்பிப் போடவும்' என்று தொடங்கிப் பதினாறு பக்கம் போகிறது. அப்புறம் அவள் கதவைச் சாத்திவிட்டுக் கீழே வந்து தண்ணீர் குடிக்கிறாள். கதை முடிந்தது.

"'பேயே வரவில்லை. ஆனால் படித்து முடித்ததும் எழுந்து போய் என் கணவர் மூச்சு விடுகிறாரா என்று பார்த்தேன்.' 'எலும்பு துருத்தும் இடங்களைத் தினமும் கவனிக்கவும் என்று சாதாரணமாகச் சொல்கிறார். எனக்குச் சோறு இறங்கவில்லை.' 'இந்த மாதிரி கதை படித்ததே இல்லை, ஐந்து நட்சத்திரம்.'"

கூடத்தில் ஒரே சிரிப்பு. நான் கண்ணில் நீர் வரச் சிரித்தேன். அண்ணி மட்டும் ஒரு ஃபாரத்தைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றார்.

பதிப்பாளர் கடைசியாக ஒன்று படித்தார். "'பதினாறு பக்கத்திலும் ஒரே ஆள்தான் எல்லாம் செய்கிறார். துடைப்பதும் அவர், தூக்குவதும் அவர். அந்த வீட்டுக் கதவை வேறு யாரும் தட்டவே இல்லை. படுத்திருப்பவருக்குக் கூடப்பிறந்தவர்கள்கூடவா இல்லை? இந்தப் புத்தகத்தில் என்னைப் பயமுறுத்தியது அது ஒன்றுதான்.'"

எனக்குச் சுருக்கென்றது. யாரோ முகம் தெரியாத ஆள் எங்கேயோ உட்கார்ந்துகொண்டு என் கன்னத்தில் பளாரென்று அறைந்த மாதிரி இருந்தது. முதலில் கோபம்தான் வந்தது. இவருக்கென்ன தெரியும் என் இடுப்பைப் பற்றி என்று நினைத்தேன். நினைத்த எனக்கே அது கேவலமாக இருந்தது.

"எனக்கு மாத்த மனசே இல்ல. ஆனா கதை எழுதினவர் வக்கீல் நோட்டீஸ் விடுவேங்கறாரு" என்று பதிப்பாளர் போனைப் பையில் போட்டுக்கொண்டார்.

ஒவ்வொரு கட்டுக்குள்ளும் ஃபாரம் சேர்த்தவரின் எண் எழுதிய சீட்டு இருக்கும். முதலாளி ஒரு கட்டைப் பிரித்துச் சீட்டை எடுத்தார். "யாரு நாலு?"

அண்ணி முன்னால் போனார். "நான்தாங்க. படிக்கறதுக்கு எடுத்தேன். தூக்கக் கலக்கத்துல மாத்தி வெச்சுட்டேன்."

"பதினெட்டு வருஷம் வேலை பாத்தவ பண்ற தப்பாம்மா இது? நூத்தி இருபது புஸ்தகம் திரும்பி வந்திருக்கு. எல்லாத்தையும் பிரிச்சு நீயே சரி பண்ணணும். ஆறு மணிக்கு மேல ஒன்றரை மணி நேரம் இருந்து, ஒரு வாரத்துல முடிக்கணும். முடியாதுன்னா நாளைலேருந்து வராதே."

வேலை போனால் அண்ணனின் மருந்தும் போகும். அது எல்லோருக்கும் தெரியும். அண்ணி தரையைப் பார்த்துக்கொண்டு, "ஆறு மணிக்கு அவரைத் திருப்பணுங்க" என்றார்.

கெஞ்சவில்லை, அழவில்லை. மணி என்ன என்று கேட்டால் சொல்வது போலச் சொன்னார். என் பக்கம் திரும்பக்கூட இல்லை. திரும்பியிருந்தால் நான் இடுப்பு வலியைச் சொல்லித் தப்பித்திருப்பேன். பத்தடி தள்ளி நான் ஒருத்தி உட்கார்ந்திருக்கிறேன் என்ற நினைப்பே அவருக்கு வரவில்லை. நாலு வருஷத்தில் அந்த அளவுக்கு நான் இல்லாதவளாகிவிட்டேன்.

"நான் போறேன்" என்றேன்.

"நீ எங்கம்மா போறே?" என்றார் முதலாளி.

"எங்க அண்ணன் வீட்டுக்கு. திருப்பறதுக்கு. அதைத் தைச்சது நான், எனக்கும் பங்கு உண்டு."

அண்ணி என்னைப் பார்த்தார். "உனக்கு இடுப்பு வலியாச்சேம்மா" என்றார். குத்திக் காட்டவில்லை. நிஜமாகவே கவலைப்பட்டார். அதுதான் தாங்கவில்லை.

ஆறு மணிக்குச் சாவியையும் கையேட்டின் ஒன்பதாவது ஃபாரம் ஒன்றையும் எடுத்துக்கொண்டு போனேன். முதல் தடவையாக அறை வாசலைத் தாண்டிக் கட்டில் அருகே நின்றேன். அண்ணன் கண்ணை உருட்டிப் பார்த்தார். ஞாயிற்றுக்கிழமை இல்லையே என்று யோசித்திருப்பார். 'முழங்காலை மடக்கவும். ஒரு கை தோளில், ஒரு கை இடுப்பில்' என்று படித்துப் படித்துச் செய்தேன். அவர் அவ்வளவு கனம் என்று எனக்குத் தெரியாது. திருப்பியதும் சட்டை விலகி முதுகு தெரிந்தது. அந்தப் புண்ணை நான் அதுவரை பார்த்ததில்லை. பயந்துவிட்டேன். சுவரைப் பிடித்துக்கொண்டு நின்று, "மன்னிச்சிடுண்ணே" என்று அழுதேன். அவருடைய வலது கை மெத்தையில் இரண்டு தட்டுத் தட்டியது. மன்னித்தாரா, வாயை மூடு என்றாரா, தெரியாது.

அண்ணி ஏழே முக்காலுக்கு வந்தார். ஒரு செருப்பைக் கழற்றினார், அடுத்ததைக் கழற்றுவதற்குள் நாற்காலியிலேயே தூங்கிவிட்டார். வாய் திறந்து, தலை ஒரு பக்கம் சாய்ந்து, விரல்களில் பசை காய்ந்திருந்தது. எட்டு ஆனதும் யாரோ தட்டி எழுப்பியது போலத் தூக்கத்திலேயே எழப் பார்த்தார்.

"திருப்பியாச்சு அண்ணி. நீங்க தூங்குங்க" என்றேன்.

அவர் மறுபடி சாய்ந்துவிட்டார். அதற்குப் பிறகுதான் நான் திருப்புவதற்காக அண்ணனின் முழங்காலை மடக்கினேன்.