ஃப்ரீசரில் வைத்த ஹார்ட் டிஸ்க்

நம்புவதும் நம்பாததும் உங்கள் இஷ்டம். ஆனால் அந்த ஃப்ரீசர் என்னுடையது. அதற்குள்ளிருந்து வந்த சத்தத்தை இந்தக் காதால் கேட்டேன். மற்றதெல்லாம் பக்கத்துக் கடைக் கம்ப்யூட்டரக்காவும், கடைசியில் ஒரு வக்கீலம்மாவும் தங்கள் வாயால் சொன்னது. ஒரு சொல்லைக்கூட நான் ஊதிப் பெரிதாக்கவில்லை.

என்னுடையது கூல்டிரிங்க்ஸ் கடை. சுவருக்கு அந்தப் பக்கம் அவளுடைய ரிப்பேர் கடை. தெருவில் எல்லோருக்கும் அவள் கம்ப்யூட்டரக்காதான். இனி தேறாது என்று பத்துப் பேர் கைவிட்ட மெஷினையும் எழுப்பி உட்கார வைத்துவிடுவாள்.

அவளுக்கு ஒரே தம்பி. பெற்றவர்கள் போன பிறகு இடுப்பில் தூக்கி வளர்த்தவள் அவள். அவன் மரப்பட்டறை ஒன்றில் வேலை பார்த்தான். ஐந்து வாரத்துக்கு முன் ஒரு ராத்திரி, பட்டறை மேஸ்திரி மண்டை உடைந்து செத்துக் கிடந்தார். அந்த நேரத்தில் பட்டறையில் இருந்தது தம்பி மட்டும். பிடித்து ஜெயிலில் போட்டுவிட்டார்கள்.

"நான் தொடவே இல்லக்கா. வெளிய போயிருந்தேன். வந்து பார்த்தா கிடக்குறாரு" என்று கம்பிக்குப் பின்னால் நின்று அழுதான். அவள் நம்பினாள்.

பட்டறையில் ஒரு கேமரா இருந்தது. அதில் விழும் படமெல்லாம் ஆபீஸ் அறையில் இருந்த ஒரு பழைய கம்ப்யூட்டரில் பதிவாகும். மறுநாள் காலை அது உயிரோடு இல்லை. போலீஸ் கொண்டுபோய்ப் பார்த்தது. ஹார்ட் டிஸ்க் போய்விட்டது, கேஸுக்கு உதவாது என்று முதலாளியிடமே திருப்பிக் கொடுத்தது. தம்பிக்காக வாதாடும் வக்கீலம்மா அதைக் கேட்டு வாங்கி, ஒரு சனிக்கிழமை காலை அக்காவின் மேஜையில் இறக்கினார்.

"திங்கட்கிழமை விசாரணை. அவன் வெளிய போனது இதுல தெரிஞ்சா போதும். கூட்டிட்டு வந்துடலாம்."

மணி 11:20. அக்கா கேபினட்டைத் திறந்தாள். இரண்டு கை மரத்தூள் கொட்டியது. உள்ளே இருந்த சின்ன ஃபேனைத் துடைத்துக்கொண்டிருக்கும்போது அது ஒரு சுற்று சுற்றி அவள் விரலைக் கிழித்தது. பிளக் இன்னும் போடவில்லை. துடைத்த வேகத்தில் சுற்றியிருக்கும் என்று நினைத்துக்கொண்டாள். ஒரு சொட்டு ரத்தம் டிஸ்க் மேல் விழுந்தது.

கரண்ட் கொடுத்தாள். டக்... டக்... டக்... உள்ளே சுழலும் தட்டைப் படிக்கிற முள், வழி தெரியாமல் போய்ப் போய் முட்டும் சத்தம். அவளுக்குப் பழக்கமான சத்தம்தான்.

12:10-க்கு என் கடைக்கு வந்தாள். கையில் பிளாஸ்டிக் பை.

"ஃப்ரீசர்ல இடம் இருக்காடி?"

"என்னக்கா, மீனா?"

"ஹார்ட் டிஸ்க்."

"அதுக்கும் வேர்க்குதா?"

"குளிர்ல கொஞ்சம் சுருங்கும். முட்டிக்கிட்டு நிக்கிறது விட்டாலும் விடும். பத்துல ஒண்ணுதான் பலிக்கும். பலிச்சாலும் இருபது நிமிஷம்தான்."

"ஜூஸ்ல இரும்பு வாடை வருதுன்னு எவனாவது வந்தா உன் கடைக்குத்தான் அனுப்புவேன்."

சிரித்தாள். அந்த ஐந்து வாரத்தில் அவள் சிரித்து நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

மணி 3:00. கடையில் யாரும் இல்லை. வெளியே வெயில் கொளுத்துகிறது. ஃப்ரீசருக்குள் டக் என்றது. ஐஸ் விரிசல் விடுகிறது என்று நினைத்தேன். மறுபடியும் டக். மூடியைத் திறந்தேன். பைக்குள் டிஸ்க் அப்படியே கிடந்தது. ஒயர் இல்லை. எதுவும் இல்லை. கையில் எடுத்தேன்... என் உள்ளங்கையில் வைத்தே அது அடித்தது.

போட்டுவிட்டு அலறினேன். அக்கா ஓடிவந்தாள். அந்தச் சத்தத்தை அவளும் கேட்டாள்.

"குளிர்ல அப்படித்தான்டி இருக்கும்" என்றாள். அவள் முகம் அப்படிச் சொல்லவில்லை. டிஸ்கை எடுத்துக்கொண்டு போனாள். அப்போது மணி 3:05.

இனி நடந்தது அவள் கடைக்குள்.

3:14. மாட்டி, பட்டனை அழுத்தினாள். முட்டவில்லை. டிஸ்க் மெல்ல முனகிச் சுழன்றது. திரை வந்தது. கேமரா ஃபோல்டரில் அந்த ராத்திரியின் வீடியோ இருந்தது. பென் டிரைவில் ஏற்றப் பார்த்தாள். ஆறு சதவீதத்தில் நின்றது. திரும்பவும் ஆறில் நின்றது. இருபது நிமிஷம் கரைந்துகொண்டிருந்தது. காப்பி எடுப்பதை விட்டுவிட்டு அப்படியே ஓடவிட்டாள்.

திரையின் மூலையில் ராத்திரி 9:41. மேஸ்திரி பலகைகளை எண்ணுகிறார். தம்பி பக்கத்தில் நிற்கிறான். சத்தம் இல்லை, வாய்கள் மட்டும் அசைகின்றன. மேஸ்திரி கையை ஓங்கி அவன் கன்னத்தில் ஒன்று விட்டார். தம்பி கன்னத்தைப் பிடித்துக்கொண்டு வெளியே போனான்.

அக்காவுக்கு மூச்சு வந்தது. சொன்னானே, வெளிய போனேன்னு சொன்னானே...

இருபது விநாடியில் திரும்பி வந்தான். கையில் மரச்சுத்தியல்.

பின்னாலிருந்து அடித்தான். மேஸ்திரியின் முகம் மேஜையில் மோதியது. அடுத்த அடியில் கீழே சரிந்தார். இரண்டு கையாலும் தலையைப் பொத்திக்கொண்டார். விரல்களோடு சேர்த்து அடித்தான். கைகள் தொங்கிவிட்டன. நெஞ்சில் முட்டி போட்டு உட்கார்ந்தான். நிறுத்தவே இல்லை. மண்டை வடிவம் மாறியது. பிறகு எழுந்து, அக்கா எடுத்துக் கொடுத்த சட்டையில் கையைத் துடைத்துக்கொண்டு போனான்.

அவள் வீடியோவை மூட நினைத்தாள். கை வரவில்லை.

மேஸ்திரி கிடந்தார். மூலையில் நேரம் ஓடியது. 9:44... 9:45...

3:31.

இன்றைய தேதி. அக்கா சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். 3:31.

தரையில் கிடந்தவரின் விரல் அசைந்தது.

எழுந்து உட்கார்ந்தார். பாதி முகம்தான் இருந்தது. நடந்து வந்தார்... கேமரா பக்கம்... இன்னும் பக்கத்தில்...

விரலை மடக்கிக் கண்ணாடியைத் தட்டினார்.

டக்.

ஸ்பீக்கர் மாட்டவே இல்லை. சத்தம் டிஸ்கிலிருந்து வந்தது.

பிளக்கைப் பிடுங்கினாள். திரை இருண்டது.

டிஸ்க் நிற்கவில்லை.

இதை யாரும் பார்க்கக் கூடாது. அவளுக்கு அது ஒன்றுதான் ஓடியது. பயமா, தம்பியைக் காப்பாற்றவா என்று பிறகு கேட்டேன். "ரெண்டும்தான்டி" என்றாள்.

ஒயர்களைப் பிய்த்தாள். டிஸ்கை சிமெண்டுத் தரையில் வைத்தாள். இரும்புச் சுத்தியலை எடுத்தாள். மணி 3:34.

முதல் அடி. மூடி குழிந்தது. இரும்பின் சத்தம் வரவில்லை. ஈரத்துணி மூட்டையை அடித்தது போலிருந்தது.

இரண்டாவது. டிஸ்க் சூடாக இருந்தது. அவள் கைக்குக் கீழே நடுங்கியது.

மூன்று. நான்கு.

"சாவு" என்றாள். "செத்துத் தொலை."

அடித்தாள்.

அடித்தாள்.

அடங்கியது.

சுவருக்கு இந்தப் பக்கம் எனக்கும் கேட்டது. ஆணி அடிக்கிறாள் என்று நினைத்தேன். 3:40-க்கு வந்து நின்றாள். தண்ணீர் கேட்டாள். பாட்டிலை ஒரே மூச்சில் காலி செய்தாள்.

"டிஸ்க் போச்சுடி" என்றாள். பிறகு மெதுவாக, "இனி அவனை யாரும் ஒண்ணும் பண்ண முடியாது."

6:10-க்கு ஜெயிலிலிருந்து போன் வந்தது. தம்பி செத்துவிட்டான்.

உள்ளே கைதிகளுக்குள் அடிதடி என்று அவளிடம் சொன்னார்கள். அதைத்தான் இன்றுவரை நம்புகிறாள்.

ஒரு மாதம் கழித்து வக்கீலம்மா என் கடையில் வந்து உட்கார்ந்தார். வாங்கிய சோடாவைக் குடிக்கவில்லை. அடிதடி எதுவும் நடக்கவில்லை என்றார். அன்றைக்குத் தம்பி தனி அறையில் இருந்தானாம். வெளியே பூட்டு. சத்தம் கேட்டு ஓடும்போது காவலர் மணி பார்த்திருக்கிறார். 3:34. சாவியைப் போட்டுத் திறப்பதற்குள் முடிந்துவிட்டது. உள்ளே வேறு யாரும் இல்லை. கம்பு இல்லை, கல் இல்லை. மண்டை முழுக்க வட்ட வட்டமாகக் குழி.

கம்பி வழியே காவலர் கடைசியாகப் பார்த்ததை மட்டும் ரிப்போர்ட்டில் எழுதவில்லையாம். எழுதினால் தன்னைப் பைத்தியம் என்பார்கள் என்றாராம். அக்காவிடம் நானும் சொல்லவில்லை. சொல்லவும் மாட்டேன்.

தம்பி தரையில் மல்லாந்து கிடந்தான். இரண்டு கையாலும் தலையைப் பொத்தியிருந்தான். கண் மேலே, யாரையோ பார்த்தபடி இருந்தது. கெஞ்சிக்கொண்டே இருந்தானாம்.

"வேணாம்க்கா... போதும்க்கா..."