முந்தானை ஏந்தாதவள்

போன வாரம் சங்கரன்கோவிலில் புதிதாக வந்திருக்கும் மாடி ஜவுளிக்கடையில் ஒரு சேலை எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன். வாசலில் நின்ற கம்பம் கீச்சென்று கத்தியது. பில் போட்ட பிள்ளை சேலையில் குத்தியிருந்த திருட்டுத் தடுப்பு வில்லையைக் கழற்ற மறந்துவிட்டதாம். காவலுக்கு நின்றவன், "ஆச்சி, பையைக் காட்டுங்க" என்றான். கோபம் வரவில்லை, சிரிப்புத்தான் வந்தது. யாரிடம் கேட்கிறான் பாருங்கள்! இதே ஊரில் நான் பார்த்த வேலையே அதுதானே.

புதுச்சேலையின் கஞ்சி வாசனை மட்டும் மாறவில்லை. அது மூக்கில் ஏறினால் போதும், எழுபதுகளின் கடைசி திரும்பி வந்துவிடும். அப்போது ஜவுளிக்கடையில் நாற்காலி ஏது? தரையில் கோரைப்பாய்தான். நானும் அந்தப் பாயில் வாங்க வந்தவள் மாதிரி உட்கார்ந்திருப்பேன். சேலையைப் புரட்டுவேன், கரையைத் தடவுவேன், ஒன்றையும் எடுக்க மாட்டேன். அதற்குத்தான் சம்பளம்.

கல்யாண ஜவுளி என்று ஒரு கூட்டம் வரும். ஒருத்தி மேலடுக்கைக் காட்டச் சொல்லுவாள், இன்னொருத்தி இடுப்புப் பிள்ளையைக் கிள்ளி அழவிடுவாள். அந்தச் சந்தடியில் ஒரு பட்டுச் சேலை கைமாறிக் கைமாறி யாராவது ஒருத்தியின் கக்கத்துக்குள் போய்விடும். பொம்பளைகளை ஆம்பளை உற்றுப் பார்த்தால் ஊர் சும்மா விடுமா? அதனால்தான் நான்.

எனக்கு இளையரசனேந்தல் பக்கம். அம்மா போன பிறகு எனக்கென்று ஒருவரும் இல்லை. "ஊருல யாருக்கும் தெரியாத மொகம், அதான் வேணும்" என்று முதலாளி அண்ணாச்சி சேர்த்துக்கொண்டார். கடை ஆட்கள் என்னோடு பேசக் கூடாது, என் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். நான் பொட்டு வேறு வைத்துக்கொள்ள வேண்டும். நானோ வேதக்காரி. ஞாயிற்றுக்கிழமை பொட்டை அழித்துவிட்டுச் சர்ச்சுக்குப் போனால், கடையில் என்னைப் பொட்டோடு பார்த்த பெண்கள் பெஞ்சில் தள்ளி உட்காருவார்கள். நல்ல பிழைப்பு போங்கள்! அறைக்குத் திரும்பி ஸ்டவ்வைப் பற்றவைக்கும்போது, இன்றைக்கும் ஒரு மனுஷியிடம் வாய்விட்டுப் பேசவில்லையே என்று அழுகை முட்டும்.

அப்போதுதான் பேச்சி வந்தாள். ராயகிரி என்றாள். வந்தால் நேரே என் பக்கத்தில்தான் உட்காருவாள்.

"மதினி, இன்னுமா ஒங்களுக்குச் சேலை அமையல? கடைக்காரனுக்கு வயசாயிரும் போலிருக்கே!"

சிரித்துச் சிரித்து எனக்குக் கண்ணில் நீர் வந்துவிடும். மதினி என்று என்னை அதுவரை யாரும் கூப்பிட்டதில்லை. பிச்சிப்பூ கொண்டுவந்து அவளே என் தலையில் வைத்துவிடுவாள். ஒரு பச்சைச் சேலையை நான் எப்போதும் கையில் எடுத்து எடுத்து வைப்பேன். "அது என்னமோ ஒங்களையே பாக்குது மதினி" என்பாள். காலையில் கடைக்குக் கிளம்பும்போதே, இன்றைக்கு வருவாளா என்றுதான் நினைப்பு ஓடும்.

எங்கள் கடையில் திருடியைப் பிடிக்கிற முறையே தனி. சத்தம் கிடையாது, போலீஸ் கிடையாது. "திருடிங்கிற சொல்லு கடைக்குள்ள கேக்கப்படாது. கேட்டா நாளைக்கு எவனும் வீட்டுப் பொம்பளையாளை இங்கன அனுப்ப மாட்டான்" என்பார் அண்ணாச்சி. நான் குடிக்கத் தண்ணீர் கேட்பேன். அதுதான் அடையாளம். உடனே முதலாளியம்மா தாம்பாளத்தில் வெற்றிலை, பாக்கு, மஞ்சளோடு வந்து, பாயில் இருக்கும் பெண்களுக்கெல்லாம் கொடுப்பார்கள். தாம்பூலத்தை இரண்டு கையாலும் முந்தானையை விரித்துத்தானே வாங்க வேண்டும்? கக்கத்தில் சேலையை இடுக்கியவள் எப்படி விரிப்பாள்? மெதுவாகப் பாயில் நழுவவிட்டுவிட்டு ஏந்துவாள். வந்த சுவடு தெரியாமல் போய்விடுவாள்.

ஒரு ஆடித்தபசுத் திருவிழா நேரம். தெருவெல்லாம் ஜனம். ஆவணியில் கல்யாணம் என்று ஒரு கூட்டம் வந்து கடையைக் கலைத்துப் போட்டது. மாம்பழ நிறப் பட்டு ஒன்று பாயோரமாகக் கைமாறி வருவதைப் பார்த்தேன். எவளிடம் போகிறது என்று கண்ணை விடாமல் பார்த்தால், அது என் பக்கம் வந்தது. கூட்டத்தோடு சேராமல் என் தோளை ஒட்டி உட்கார்ந்திருந்த பேச்சியின் கக்கத்துக்குள் போனது.

அவளும் அந்தக் கூட்டத்து ஆள்தான். கடை ஆட்கள் என் பக்கம் திரும்ப மாட்டார்கள் அல்லவா? அந்தக் கடையிலேயே பத்திரமான இடம் என் பக்கம்தான். காரணம் தெரியாமலே அதை அவள் கண்டுபிடித்து வைத்திருந்தாள். அப்போ அந்த மதினி, அந்தப் பிச்சிப்பூ? பாவி மகளே, என்று மனசுக்குள் கத்தினேன். பேசாமல் இருந்துவிட்டால் நாளைக்கும் வருவாள். தண்ணீர் கேட்டால் இன்றோடு சரி. தொண்டை உண்மையாகவே வறண்டு போனது.

"அண்ணாச்சி, குடிக்கக் கொஞ்சம் தண்ணி தாரீயளா?"

தாம்பாளம் வந்தது. எல்லாரும் ஏந்தினார்கள். பேச்சி மட்டும் ஏந்தவில்லை. "முந்தானைய ஏந்து தாயி" என்று முதலாளியம்மா அவள் முன்னாலேயே நின்றார்கள். பேச்சி என் கையிலிருந்த தண்ணீர்ச் செம்பைப் பார்த்தாள், பிறகு என் முகத்தைப் பார்த்தாள். அவளுக்கு விளங்கிவிட்டது. மாம்பழப் பட்டு சத்தமில்லாமல் பாயில் இறங்கியது.

கூட்டத்துப் பெண்கள் எழுந்து, எவள் காட்டிக்கொடுத்தாள் என்று பாயைச் சுற்றிக் கண்ணால் துழாவினார்கள். பேச்சி ஒரு விரலை என் பக்கம் நீட்டியிருந்தால் போதும், என் பிழைப்பு அன்றோடு முடிந்திருக்கும். அவள் எல்லாருக்கும் கேட்கிற மாதிரி, வழக்கம்போலச் சொன்னாள்:

"மதினி, அந்தப் பச்சைய மட்டும் எடுத்துராதீய. சாயம் போவும், சொல்லிட்டேன்."

அப்புறம் அவள் வரவில்லை. அடுத்த ஆடித்தபசுக்கும் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன். அண்ணாச்சியிடம் சொல்லி அந்தப் பச்சையை எடுத்தேன், வீம்புதான். முதல் நனைப்பிலேயே வாளித் தண்ணீர் பச்சையாகிவிட்டது. அவள் பேர் பேச்சிதானா, ஊர் ராயகிரிதானா, எனக்குத் தெரியாது. ஆனால் சாயம் போனது நிஜம். வாளி முன்னால் உட்கார்ந்து ஓவென்று அழுதேன்.

இப்போது அந்தக் கடை இல்லை. பாயும் தாம்பாளமும் போயின. புதுக்கடைக் கூரையில் கேமராக்கள் உட்கார்ந்திருக்கின்றன, அவற்றுக்குத் தண்ணீர் கேட்கத் தெரியாது. போன வாரம் நான் எடுத்ததும் பச்சைதான். கண்ணாடி முன்னால் தோளில் போட்டுப் பார்த்தவள், சாயம் போகுமா என்று கேட்கப் பழக்கதோஷத்தில் பக்கத்தில் திரும்பினேன். சேலை கட்டிய பொம்மை ஒன்று நின்றுகொண்டிருந்தது.