மாலுமியின் வாய்

எண்ணெய்ச் சாயத்தில் முகம் வரையப் பழகிய என் அக்கா, பழைய ஓவியர் ஒருவர் தீட்டிய இளம் மாலுமியின் படத்தைச் சுவரில் மாட்டி, அதைப் பார்த்து வரைந்துகொண்டிருந்தாள். பஸ் ஓட்டும் அத்தானுக்கு வயிறு எரிந்தது.

"என் மூஞ்சிய ஒருநாளாவது இப்படி உத்துப் பாத்திருக்கியா?"

"அது எங்க ஓடிடப் போகுது?" என்றாள் அக்கா, திரும்பாமலே.

மாலுமியின் வாய் மட்டும் அவளுக்குச் சரியாக வரவில்லை. எத்தனை தடவை வழித்துவிட்டுத் தீட்டினாலும் ஒரு பக்கம் கோணிக்கொண்டது. கதவோரம் முறைத்துக்கொண்டு நின்ற அத்தானைப் பார்த்தேன். அவர் வாயும் அப்படியே கோணியிருந்தது. அக்காவிடம் மெல்லச் சொன்னது அத்தான் காதிலும் விழுந்துவிட்டது. அவளுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை.

"என் வாயத் தூக்கி அவனுக்கா குடுத்தே?" என்று அத்தான் அதற்கும் எரிந்துவிழுந்தார்.

மறுநாள் முகம் மழித்து வந்து, மாலுமியை மறைத்தபடி நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துகொண்டார்.