சங்கரன்கோவிலில் ஒரு நீலக்கல்

புரட்டாசியில் கல்லூரிக்கு ஒரு வாரம் விடுமுறை விட்டார்கள். ஆடித் தபசுக் கூட்டம் இல்லாத நாளில் சங்கரன்கோவிலை நிதானமாகப் பார்க்க வேண்டும் என்பது வெகுநாள் ஆசை. அந்த ஊரில் வாழ்க்கைப்பட்ட அக்காவும் ஒரு நடை வந்துவிட்டுப் போகும்படி ஆள்மூலம் சொல்லி அனுப்பியிருந்தாள். ஏன் என்று மட்டும் சொல்லவில்லை.

மதுரையிலிருந்து ராஜபாளையம் வந்து பஸ் மாறினேன். அங்கிருந்து முப்பத்திரண்டு கிலோமீட்டர். ஒரு மணி நேரம், டிக்கெட் மூன்று ரூபாய்க்குள். வலப்பக்க ஜன்னல் கிடைத்தால் விடாதீர்கள், மலை வெகுதூரம் கூட வரும். கண்டக்டர் விரலில் பெரிய பவழ மோதிரம். கேட்டேன்.

"செவ்வா தோசம்லா. கல்யாணம் ஆகணும்னு போட்டேன்."

"ஆயிட்டா?"

"ஆயிட்டு. இப்பக் கழட்டலாம்னா வீட்டுக்காரி விட மாட்டேங்கா."

கரிவலம்வந்தநல்லூர் வரை பஸ்ஸில் அதே சிரிப்புதான்.

மேல்நாட்டார் பிறந்த மாதத்துக்கு ஒரு கல் வைத்திருக்கிறார்கள். நம்மிடம் கல், பிறந்த நட்சத்திரத்துக்கும் கிரகத்துக்கும் உரியது. மாணிக்கம் சூரியனுக்கு, முத்து சந்திரனுக்கு. சனிக்குரிய நீலத்தை மட்டும் யாரும் உடனே அணிவதில்லை. நீலத் துணியில் முடிந்து மூன்று இரவு தலையணைக்கடியில் வைத்துப் படுக்க வேண்டும். கெட்ட கனவு வந்தால் கல்லைத் திருப்பிக் கொடுத்துவிடலாம். இதைப் படித்தபோது, பாம்பு இரவில் மாணிக்கத்தைக் கக்கி அந்த வெளிச்சத்தில் மேயும் என்கிற கதையோடு சேர்த்து ரசித்திருந்தேன்.

அத்தான் குருவிகுளத்தில் ஓர் அலுவலகத்தில் எழுத்தர். ஏழரைச் சனி. நடுவிரலில் வெள்ளியில் பதித்த நீலம், விரல் வீங்கி மோதிரம் சதைக்குள் புதைந்திருந்தது. நான் போய்ச் சேர்ந்த ராத்திரி அரைச் சோறோடு எழுந்துவிட்டார். உடம்புக்கு என்ன என்றேன்.

"உடம்புக்கென்ன. கண்ண மூடினா ஒரு கிணறு தெரியுது. படிக்கட்டுக் கிணறு. தண்ணி கண்ணாடி கணக்கா கிடக்கு. நாளுக்கு ஒரு படி இறங்குதேன். நல்லாத்தான் இருக்கு."

பக்கத்து வீட்டுச் செய்தி சொல்வது போலச் சொல்லிவிட்டுக் கை கழுவப் போனார்.

அடுப்படியில் அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டாள். "ஏட்டி, அது என் கனா. கல்லு என் தலகாணிக்கடியில கிடந்தப்ப நான் கண்டது. ஒருத்தர்ட்டயும் சொல்லல. நெறஞ்ச தண்ணி நல்ல சகுனம்னு நெனச்சு மோதிரம் அடிக்கச் சொல்லிட்டேன். படியில ஒருத்தர் முதுகக் காட்டிட்டு இறங்குனாரு. அப்ப ஆள் தெரியல. இப்பத் தெரியுது."

அவர் தண்ணீரைத் தொடுகிற நாளுக்குப் பயந்துதான் என்னை வரச் சொல்லியிருக்கிறாள்.

மறுநாள் காலை கோயிலுக்குப் போனோம். பாதி சிவனும் பாதி திருமாலுமான சங்கரநாராயணர் முன்னால் யாரும் இடிக்காமல் வெகுநேரம் நிற்க முடிந்தது. புற்று மண் வாங்கிக்கொண்டு, மோதிரத்தைத் தளர்த்தலாம் என்று, கல்லை விற்ற கடைக்கு அத்தானைக் கூட்டிப்போனோம். கடைக்காரர் விரலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். வெள்ளியை அறுத்துத்தான் எடுக்க வேண்டும் என்றவர், "தலமாட்டுல வச்சுப் படுத்தது அண்ணாச்சிதானா?" என்று கேட்டார்.

"நான்," என்றாள் அக்கா. "அவரு இதெல்லாம் நம்ப மாட்டாரு."

"நல்லாருக்கு. மருந்த நீங்க குடிச்சுப் பாத்துட்டு அவருக்குக் குடுத்திருக்கிய."

அத்தான் கையை இழுத்து மூடிக்கொண்டார். "அறுக்க வேண்டாம். இன்னும் ரெண்டு மூணு படிதான் கிடக்கு."

குரலில் கோபமே இல்லை. கடைக்காரர் அரத்தைக் கீழே வைத்துவிட்டார்.

அக்கா அவரை ஒட்டி உட்கார்ந்து, கடைக்காரரிடம் சொன்னாள்: "அறுத்துக் கல்ல என்கிட்ட குடுங்க அண்ணாச்சி. இன்னிக்கு நான் வச்சுப் படுக்குதேன். எனக்கும் வழி தெரியும்லா. இவருக்கு முன்னாலயே நான் இறங்கி நிக்கேன்."

அத்தான் அவளைத் திரும்பிப் பார்த்தார். நான் வந்ததிலிருந்து அவர் யாரையும் அப்படி நேராகப் பார்க்கவில்லை.

"உனக்கு நீச்சல் தெரியாது."

"உங்களுக்கு மட்டும் தெரியுமாக்கும்."

மூடியிருந்த அத்தானின் விரல்கள் ஒவ்வொன்றாகப் பிரிந்தன. "அறுத்திரும் வே. கல்ல நீரே வச்சுக்கிடும். அவகிட்ட குடுக்காதீரும்."

மோதிரம் கழன்ற இடத்தில் தோல் வெளுத்துச் சுருங்கியிருந்தது, நெடுநேரம் தண்ணீரில் ஊறிய விரலைப் போல. இறுகிய மோதிரத்தின் அடியில் வியர்வை தங்கினால் அப்படித்தான் ஆகும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். மத்தியானம் அத்தான் இரண்டாம் தடவை சோறு கேட்டு வாங்கினார். அக்கா அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு ரசம் விட்டதில் பாதி தரையில் போயிற்று.

மனித மனத்துக்குள் நடப்பதற்கும் கல்லுக்கும் சம்பந்தமில்லை என்று இன்றும் வாதாடுவேன். ஆனால் அந்தக் கடையில் உட்கார்ந்திருந்தபோது என்னால் வாதாட முடியவில்லை.

போகிறவர்களுக்குச் சில விஷயங்கள். காலையிலேயே கோயிலுக்குப் போய்விடுங்கள், உச்சிக்குப் பிறகு நடை சாத்திவிடுவார்கள். வெயிலுக்குக் குடை வேண்டும். கல் வாங்குவதானால், அணியப் போகிறவரே மூன்று இரவும் வைத்துப் படுக்கட்டும். நீலமானால் இதற்குமுன் யாரிடம் இருந்தது என்று கேளுங்கள். அந்தக் கடைக்காரர் கேட்டால் பொய் சொல்ல மாட்டார். கேட்காதவர்களிடம் அவராகச் சொல்லவும் மாட்டார். நாங்கள் படியிறங்கும்போதே அந்தக் கல்லைத் துடைத்துக் கண்ணாடிப் பெட்டிக்குள் மற்றக் கற்களோடு வைத்துக்கொண்டிருந்தார்.