சர்வீஸ் பெஞ்சில் ஒரு நாற்காலி

தொண்ணூற்றொன்றில் நான் வேலை பார்த்த டி.வி. கம்பெனி ஸ்ரீபெரும்புதூரைத் தாண்டி, நெடுஞ்சாலையிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி இருந்தது. கம்பெனி என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. ஒரு ஷெட், அதற்குள் ஒரு லைன். லைனின் இரண்டு பக்கமும் உட்கார்ந்து போர்டில் பாகங்களைச் செருகி சால்டர் வைப்பவர்கள் பெண்கள். கடைசியில் பிக்சர் ட்யூபை மாட்டி ஓட்டிப் பார்ப்பவர்கள் ஆண்கள். டிப்ளமா படித்திருந்தாலும் பெண்களான எங்களுக்கு சால்டர்தான்.

வெளிநாட்டிலிருந்து வரவேண்டிய பாகங்கள் அந்த வருடம் முதலில் குறைந்தன, பிறகு நின்றே போயின. அரசாங்கத்திடம் டாலர் இல்லை என்று ஆபீஸில் பேசிக்கொண்டார்கள். மழைக்காலம் தொடங்கும்போது லைனும் நின்றது. பாதிப் பேரைக் கணக்கு முடித்து அனுப்பிவிட்டார்கள். மீதிப் பேர் காலையில் வந்து, ஓடாத லைன் முன்னால் உட்கார்ந்து, மாலையில் வீட்டுக்குப் போனோம். வேலை இல்லாமல் எட்டு மணி நேரம் உட்கார்ந்திருப்பது ஓவர்டைமை விடக் களைப்பாக இருக்கும் என்று அப்போது தெரிந்துகொண்டேன்.

என் பக்கத்து நாற்காலிக்காரி பென்னலூர் பெண். அவளும் டிப்ளமா. நான் குன்றத்தூரிலிருந்து பூந்தமல்லி போய் அங்கே பஸ் மாறி வருவேன். அவள் வழியில் ஏறிக்கொள்வாள். ஸ்ரீபெரும்புதூரில் குண்டு வெடித்த அந்த மே மாதத்துக்குப் பிறகு எங்கள் பஸ்ஸை நிறுத்திப் போலீஸ்காரர்கள் பைகளைத் திறந்து பார்ப்பது வழக்கமாகியிருந்தது. அவள் பையில் ஒருநாள் சால்டர் கம்பிச் சுருளைப் பார்த்த போலீஸ்காரர், "இது இன்னாம்மா?" என்று கேட்டார். "ஈயம் சார். வேணும்னா உங்க தொப்பில அந்த பட்டன பத்தவெச்சுத் தரேன், ஆடிகினு கீது" என்றாள். அப்படிப்பட்டவள்.

ஆவணியில் அவளுக்கு நிச்சயமானது. கம்பெனி முழுக்க லட்டு கொடுத்தாள். தையில் கல்யாணம், மாப்பிள்ளை திருவள்ளூர். வேலைக்குப் போகிற பெண்தான் வேண்டும் என்று தேடி வந்தவர்கள். லைன் நின்றுவிட்ட செய்தி அவர்கள் காதுக்கு எப்படியோ போய், ஐப்பசியில் இந்தச் சம்பந்தமே வேண்டாம் என்று ஆள்விட்டுச் சொல்லி அனுப்பினார்கள். இதை அவள் என்னிடம் மட்டும்தான் சொன்னாள், சாப்பாட்டு டப்பாவைக் கழுவிக்கொண்டே.

"யார்ட்டயும் சொல்லாத. எங்க தெருவுலயே இன்னும் தெரியாது."

"உன்மேல என்னடி தப்பு? கம்பெனி நின்னுபோச்சு, அவ்ளோதான."

"அத யாரு கேப்பாங்க? கல்யாணம் நின்னுபோச்சுன்னா பொண்ணுகிட்ட ஏதோ கொறன்னுதான் பேசுவாங்க." குழாயை மூடினாள். "இந்த வேலையும் இல்லன்னா வூட்ல குந்திகினு எல்லார் மூஞ்சியும் பாத்துகினு இருக்கணும். அது என்னால முடியாது."

அந்த வாரம்தான் சர்வீஸ் இன்சார்ஜ், டிப்ளமா படித்த எங்கள் இரண்டு பேரையும் கூப்பிட்டார். எங்கள் ரெஸ்ட் ரூம் மூலையில் ஒரு வீடியோ கேம் மிஷின் கிடந்தது. ஆள் உயரம், காசு போட்டு நின்றுகொண்டு ஆடுவது. சென்னையில் மூடிப்போன ஒரு ஓட்டலிலிருந்து முதலாளி வாங்கிவந்த பழைய சாமான். காசு போட்டால் பாட்டு வரும், சுடுகிற சத்தம் வரும், படம் வராது. அதன் மேல் சாப்பாட்டுப் பைகளை வைத்துக்கொண்டிருந்தோம். இப்போது சென்னையில் இதுபோன்ற மிஷின்களை வைத்துக் கடை நடத்தும் ஒருவர் முதலாளியிடம், இதைச் சரிசெய்து காட்டினால் தன் கடை மானிட்டர்களை எல்லாம் ரிப்பேருக்கு அனுப்புகிறேன் என்று சொல்லியிருந்தார். அந்த வேலை வந்தால் சர்வீஸ் பெஞ்சில் இன்னும் ஒரு ஆளை வைத்துக்கொள்ளலாம். மற்றவர்களுக்கு மாதக் கடைசியோடு கணக்கு முடித்துவிடுவார்கள்.

சர்வீஸில் இருந்த இரண்டு ஆண்களும் ஏற்கெனவே அதில் கை வைத்திருந்தார்கள். திரையில் கோடுகளை இழுக்கும் பெரிய டிரான்சிஸ்டர் எரிந்திருக்கும், புதிது போடுவார்கள், கொஞ்ச நேரம் படம் வரும், மறுபடி எரியும்.

"அது நாலு டிரான்சிஸ்டர முழுங்கிச்சும்மா" என்றார் அவர்களில் மூத்தவர். "நீங்க ரெண்டு பேரும் அஞ்சாவது காவு குடுக்கப் போறீங்க."

"நீங்க குடுத்தது பத்தலயோ இன்னாவோண்ணா" என்றாள் அவள்.

நான் எதையும் வரிசை போட்டு யோசிக்கிறவள். ட்யூபில் தங்கியிருக்கும் மின்சாரத்தை முதலில் இறக்கினோம். பிறகு ஃப்யூஸ், சப்ளை வோல்ட்டேஜ், உயர் அழுத்த டிரான்ஸ்ஃபார்மர் என்று ஒவ்வொன்றாகப் பார்த்து, சரியாக இருந்ததைப் பட்டியலிலிருந்து அடித்துக்கொண்டே வந்தேன். எல்லாம் சரியாகவே இருந்தன. எரிகிற டிரான்சிஸ்டருக்கு முன்னால் ஒரு சின்ன டிரான்ஸ்ஃபார்மர் உண்டு. அதிலிருந்து வரும் துடிப்பு ஒழுங்காக வந்தால்தான் பெரியது பிழைக்கும். எரிந்ததைக் கழற்றிவிட்டு, அந்தத் துடிப்பை ஸ்கோப்பின் திரையில் அலையாகப் பார்த்தேன். அதுவும் ஒழுங்காகத்தான் இருந்தது. என் வரிசையில் அடுத்து ஒன்றும் இல்லை.

அவள் போர்டுக்குப் பின்பக்கம் நின்றுகொண்டு, ஸ்க்ரூடிரைவரின் பிளாஸ்டிக் பிடியால் மெதுவாகத் தட்ட ஆரம்பித்தாள். லைனில் சந்தேகமான போர்டுகளை நாங்கள் அப்படித்தான் தட்டுவோம். சர்வீஸில் யாரும் தட்டுவதில்லை. அவள் நின்ற இடத்திலிருந்து ஸ்கோப் தெரியாது. நான் இருந்த இடத்திலிருந்து அவள் கை தெரியாது. தட்டிக்கொண்டே வந்தாள். ஸ்கோப் திரையில் துடிப்பு அறுந்து, மறுபடி ஒட்டிக்கொண்டது.

"இரு. இப்ப எங்க தட்டின?"

"இங்கதான்."

"திரும்பத் தட்டு."

மறுபடி அறுந்தது. லென்ஸ் வைத்துப் பார்த்தோம். அந்தச் சின்ன டிரான்ஸ்ஃபார்மரின் ஒரு காலைச் சுற்றி, முடி போல வட்டமாக ஒரு விரிசல். ட்ரை சால்டர். ஈயம் இருக்கும், பிடிப்பு இருக்காது. சூடானால் விலகும், ஆறினால் ஒட்டிக்கொள்ளும். லைனில் அப்படி ஒன்றைப் பார்த்தால் சிவப்புப் பேனாவால் வட்டம் போட்டுப் பின்னால் தள்ளிவிடுவோம். பழைய ஈயத்தை உறிஞ்சி எடுத்துவிட்டுப் புதிதாக வைத்தாள். நான் ஐந்தாவது டிரான்சிஸ்டரை மாட்டி, மின்சாரம் வரும் வழியில் சீரீஸாக ஒரு பல்பைப் போட்டு ஸ்விட்சைத் தட்டினேன். பல்பு பளிச்சென்று எரிந்து, பின் மங்கியது. அப்படி மங்கினால் எங்கும் ஷார்ட் இல்லை, நல்லது. மெல்ல மெல்லத் திரையில் நீலமும் சிவப்பும் வந்தன. பிறகு படம் வந்து நின்றது.

மாலை வரை ஓடவிட்டோம். எரியவில்லை. மூத்தவர் காசு போட்டு ஆடித் தோற்றார். இளையவர் அவரைத் தள்ளிவிட்டு ஆடினார். இன்சார்ஜ் வந்து கொஞ்ச நேரம் கையைக் கட்டிக்கொண்டு பார்த்தார். நல்ல மனிதர், எங்களிடம் ஒருநாளும் குரலை உயர்த்தியதில்லை.

"யாரும்மா கண்டுபுடிச்சது?"

"நான் தட்டினேன் சார். அவ பாத்தா" என்றாள் அவள்.

அவர் சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்தினார். "ரெண்டு பேரையும் வெச்சுக்கணும்னுதான் எனக்கும். முதலாளி ஒரே ஆளுன்னுட்டாரு." என்னைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். "உனக்குத் தையில கல்யாணமாச்சேம்மா. திருவள்ளூர்லேர்ந்து டெய்லி இங்க வரவா போற? ரெண்டு மாசத்துக்காக உன்ன உக்கார வெச்சா, அப்புறம் நான் வேற ஆள் தேடணும். நியாயமா சொல்லு."

நியாயமாகத்தான் கேட்டார். அவள் ஒரு வாக்கியம் சொன்னால் போதும். நான் "சார்" என்றேன். பெஞ்சுக்குக் கீழே அவள் என் மணிக்கட்டைப் பிடித்து அழுத்தினாள். சால்டர் வைத்து வைத்துக் காய்த்துப்போன விரல்கள்; நன்றாகவே வலித்தது.

"இன்னாம்மா?" என்றார் அவர் என்னிடம்.

"ஒண்ணுமில்ல சார்."

"நீங்க சொல்றது கரெக்ட்தான் சார்" என்றாள் அவள். "அவளே இருக்கட்டும்."

மூத்தவர் ஆட்டத்திலிருந்து தலையைத் திருப்பாமலே கேட்டார்: "லட்டு துன்னாச்சு. சாப்பாடு எப்போ?"

"பத்திரிகை வெப்பேன்ணா. வராம பூடப் போறீங்க."

பஸ் ஸ்டாப்பில் தூறலாக இருந்தது. ஒரே குடைக்குள் நின்றோம்.

"ஏன்டி சொல்லல?"

"அவனுங்க ரெண்டு பேரு எதுர்லயா? நாளைக்குப் பஸ்ல கண்டக்டரே கேப்பான்."

"தனியாப் போய் சொல்லலாம். நாளைக்குச் சொல்லு. இல்ல, நான் சொல்றேன்."

"நீ சொன்னா அப்புறம் நான் உங்கிட்டப் பேசமாட்டேன்." கோபமாகச் சொல்லவில்லை, தகவல் போலத்தான் சொன்னாள்.

நான் சொல்லவில்லை. அது அவளுடைய விஷயம் என்று அன்று இரவு எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அந்த நாற்காலி எனக்கும் வேண்டியிருந்தது என்பது அதற்குப் பக்கத்திலேயே இருந்தது. இரண்டில் எது முன்னால் என்று வரிசைப்படுத்திப் பார்க்க நான் முயலவில்லை.

மாதம் முடிந்தது. அடுத்த வேலைநாள் காலை, பென்னலூரில் பஸ் நின்றபோது அவள் வழக்கம்போல ஏறினாள். சாப்பாட்டுப் பை, தலையில் கனகாம்பரம். சர்டிபிகேட்டுகள் வைக்கும் பிளாஸ்டிக் கவர் மட்டும் புதிது. என் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"எங்க போற?"

"சுங்குவார்சத்திரம் பக்கம் ரெண்டு கம்பெனி கீதாம். கேட்டுப் பாக்கறேன்."

"வூட்ல என்ன சொன்ன?"

ஜன்னலைப் பார்த்தபடி சொன்னாள்: "எனக்குத்தான் கெடச்சிச்சின்னு சொல்லிட்டேன். எங்கப்பா நேத்து வல்லக்கோட்டைக்குப் போய் மொட்ட போட்டுகினு வந்துட்டாரு. வேல தங்கினா போடறேன்னு வேண்டிகினாராம். எனக்கே தெரியாது."

கண்டக்டர் வந்தார். இரண்டு வருடமாக எங்களுக்கு ஒரே ஸ்டாப். எங்கே என்று கேட்காமலே அவளுக்கும் அங்கேயே டிக்கெட் கிழித்தார். அவள் மறுக்காமல் வாங்கிக்கொண்டாள். எங்கள் ஸ்டாப் வந்ததும் நான் எழுந்தேன். அவள் கால்களை ஒதுக்கி வழிவிட்டாள்.

"எறங்கு, லேட்டாவுது" என்றாள். பிறகு கண்டக்டரைக் கூப்பிட்டு, சுங்குவார்சத்திரத்துக்கு இன்னொரு டிக்கெட் வேண்டும் என்று கையை நீட்டினாள்.